காலடியிலிருந்து பார்ப்பது

முதல் வாரம் சொன்னது இவ்வளவுதான்:
படுத்திருப்பவர் காலடியில் நீ நிற்கிறாய்,
பாதத்தின் பக்கமிருந்து தலையை நோக்கிப் பார்க்கிறாய்.
ஆகவே திரையில் உன் இடது
அவருடைய வலது.
கல்லீரல் இடப்பக்கம் தெரிந்தால்
பதறாதே.

பதறினேன்.
பல்லவன் சாலை நிறுத்தத்தில்
எதிரே வருகிறவர்களுக்கெல்லாம்
மனசுக்குள் ஒரு கல்லீரல் வைத்துப் பார்த்தேன்,
என் இடக்கைப் பக்கமாக.
வெள்ளரிப் பிஞ்சு விற்பவருக்கு ஒன்று.
போக்குவரத்துக் காவலருக்கு ஒன்று.
தோளில் தூங்கும் குழந்தைக்கு
உடம்புக்கு மிஞ்சின பெரிதாய் ஒன்று.

ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு.
மனிதரை அப்படித்தான் படிக்க வேண்டும்,
மவுஸின் சக்கரத்தை உருட்டி உருட்டி.
கணையம் ஒரே துண்டில் முழுசாய்க் கிடைக்காது.
தலையைப் பிடித்தால்
வால் மேலே போய் மண்ணீரல் ஓரம் ஒளிந்திருக்கும்.
சிறுநீரகத்தின் உச்சியில் கவட்டை மாதிரி ஒரு கோடு,
அது அட்ரீனல்.
குடலைப் பொறுத்தவரை
யாரும் சத்தியம் செய்வதில்லை.

பெனசிர் முதுகெலும்பை மின்ரயிலாக்கிக்கொண்டாள்.
முதல் இடுப்பெலும்பு தாம்பரம்.
நாலாவது செங்கல்பட்டு,
பெருந்தமனி அங்கேதான் இரண்டாகப் பிரியும்,
ஒன்று காஞ்சிபுரத்துக்கு
ஒன்று விழுப்புரத்துக்கு.
தேர்வில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண்.

எனக்கு வஞ்சிரம்.
சிந்தாதிரிப்பேட்டையில் தேசராணி
கத்தியை வைத்துவிட்டுக் கேட்பாள்:
எவ்ளோ மொத்தமா போடட்டும்?
எட்டு மில்லிமீட்டர் என்று வாய்தவறிச் சொன்னேன்.
இன்னா அளவும்மா அது, என்று சிரித்தாள்.
நடுவே முள், சுற்றி நாலு பாகமாய்த் தசை,
கீழே வயிறு இருந்த பள்ளம்.
வீட்டில் துண்டுகளை வரிசையாய் நிறுத்தி
மறுபடி மீனாக்கிப் பார்த்தேன்.
ஒரு துண்டு இடம் மாறிவிட்டது,
எது என்று கடைசிவரை தெரியவில்லை.
அம்மா வாணலியைத் தட்டினாள்:
குழம்பு வைக்கணுமா, பரீட்சை எழுதணுமா?

ஐப்பசி, இரவு இரண்டரை.
பேசின் பாலத்தில் லோடு ஆட்டோ வழுக்கி விழுந்தவர்.
தணிகாசலம், நாற்பத்தாறு.
சட்டையில் மழையும் டீசலும்.
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றது இயந்திரம்,
பிடித்தார்.
உருட்டினேன்.

கல்லீரல் வலப்பக்கம் இருந்தது.

என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
தலை முதலா கால் முதலா என்பதைத்
தப்பாய் அழுத்தியிருப்பேன்.
அழுத்தியதைத் திரும்பப் பார்த்தேன்: சரி.
மேலே உருட்டினேன்.
இதயத்தின் முனையும்
அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.
ஒன்று படம் புரண்டிருக்க வேண்டும்
அல்லது இவர்.

ஈயக்கதவைத் தள்ளி உள்ளே போனேன்,
காலடியைத் தாண்டித் தலைமாடு வரை.
அண்ணா, நெஞ்சுல கை வெக்கிறேன்.
இடப்பக்கம்:
ஏசியின் உறுமல் மட்டும்.
வலப்பக்கம் வைத்தேன்.
உள்ளங்கையை முட்டியது.

கண் திறக்காமலே சொன்னார்:
அங்கதாம்மா இருக்கு. எப்பவும் அங்கதான்.
எங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்,
அந்தப் பக்கமா தலைய வெச்சுத்தான் தூங்கும்.
வேற யாரும் கேட்டதில்ல.

படத்தைத் திருப்பாமல் அனுப்பினேன்.
கீழே ஒரு வரி:
பக்கம் நோயாளியிடம் நேரில் சரிபார்க்கப்பட்டது.
கிழிசல் இல்லை, கசிவு இல்லை என்று
பணி மருத்துவர் மேலிருந்து சொன்னார்.
பிறகு போனிலேயே சற்று நேரம் பேசாமலிருந்தார்,
அவரும் உருட்டிக்கொண்டிருந்திருப்பார்.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது
தணிகாசலம் எட்டித் தரையைப் பார்த்தார்.
ஒரு செருப்பைக் காணோமே.
எந்தக் கால் செருப்பு என்று
கேட்க வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.